ஒரு பிக்சல் இடைவெளி

மணி இரண்டே முக்கால்.
ஓகிகுபோவின் கடைசி ரயில் போய்
வெகுநேரமாகிவிட்டது.
கட் எண் இருநூற்றுப் பதினான்கு:
ஒரு பெண் குடையை மடக்குகிறாள்.
அவ்வளவுதான் நடக்கிறது.
அதற்குப் பதினோரு படங்கள்.

என் வேலை நிறம் நிரப்புவது.
திரையின் ஓரத்தில் சின்னதாய் ஒரு வாளி.
கோட்டுக்குள் எங்கு தொட்டாலும்
அந்த இடம் நிறைந்துவிடும்.
முடிக்கு ஒரு சொடுக்கு.
முடியின் நிழலுக்கு ஒன்று.
நிழல் எதுவரை என்று சொல்ல வந்த நீலக்கோடு
இரண்டு பக்கமும் நிறைந்ததும்
தானே இல்லாமல் போய்விடும்.
வேலை முடிந்ததும் இப்படி விலகத் தெரிந்தவர்களை
இந்த மாடியில் நான் பார்த்ததில்லை.

ஐந்தாவது படத்தில் மணிக்கட்டைத் தொட்டேன்.
தோலின் நிறம்
மடை உடைத்துப் பாய்ந்தது.
அவளைச் சுற்றியிருந்த வெற்றிடம் முழுக்க
நான்கு மூலைவரைக்கும்
அவளே ஆனாள்.
கொஞ்ச நேரம் அப்படியே விட்டு வைத்தேன்.
அழகாகத்தான் இருந்தது.
பிறகு கன்ட்ரோல் இசட்.

எட்டு மடங்கு பெருக்கிப் பார்த்தால்
கோடு என்பது கறுப்புச் சதுரங்களின் படிக்கட்டு.
அதில் ஒரு படி இல்லை.
ஆறாவது படத்திலும் அதே படி இல்லை.
ஏழிலும். எட்டிலும்.

இதற்கென்றே மென்பொருளில் ஒரு வசதி உண்டு:
'இடைவெளி மூடு.'
மூன்று பிக்சல் என்று வைத்து அழுத்தினேன்.
மணிக்கட்டு மூடியது.
கூடவே,
விரலுக்கும் குடைக்கம்பிக்கும் நடுவே தெரிந்த
துளி வெளிச்சம் மூடியது.
ஏதோ சொல்லத் திறந்திருந்த
உதட்டோரமும் மூடிக்கொண்டது.
எது பிழை, எது மூச்சு என்று
அதற்குத் தெரியவில்லை.
குறை சொல்லமாட்டேன்.
நாற்பத்தோரு வயதில்
எனக்கே இப்போதுதான் பிடிபடுகிறது.

எனவே கையால்.
ஒவ்வொரு படத்திலும் ஒவ்வொரு சதுரம்.

கோட்டைத் தேர்ந்தெடுத்தால்
அது எங்கே தொடங்கியது, எங்கே நின்றது என்று
இரண்டு புள்ளிகள் காட்டும்.
முழங்கையில் புறப்படுகிறது,
மணிக்கட்டில் நிற்கிறது,
பேனா எழுகிறது,
மறுபடி இறங்குகிறது.
நான்கு படத்திலும்
அதே இடத்தில் அதே பெருமூச்சு.

அட்டவணையில் பெயர் பார்த்தேன்.
இடைப்படம்: சுகேகாவா தெப்பேய், நீகாதா.
முகம் தெரியாது. குரல் தெரியாது.
ஒரு படத்துக்கு அவருக்குக் கிடைப்பது
ஒரு சோற்றுருண்டையும் பாதித் தேநீரும்,
மாதத்துக்கு நானூறு படம் என்பது மட்டும் தெரியும்.
திருத்தக் கட்டத்தில் எழுதினேன்:
'மணிக்கட்டு விட்டுப்போகிறது.'
விடியும் முன் பதில்:
'மன்னிக்கவும். சரியாகிவிடும்.'
யாருடைய மணிக்கட்டு என்று
நானும் எழுதவில்லை,
அவரும் எழுதவில்லை.

அடுத்த வாரம் கட் இருநூற்று முப்பத்தொன்று.
அதே பெண், மழை நின்ற தெரு,
திரும்பிப் பார்க்கிறாள்.
ஒரு இடத்திலும் விரிசல் இல்லை.
ஆனால் கன்னத்தின் வளைவு
எழுதப் பழகும் பிள்ளையின் எழுத்துபோல்
லேசாக உதறியிருந்தது.
தேர்ந்தெடுத்துப் பார்த்தேன்.
தொடக்கப் புள்ளி எதிர்ப்பக்கத்தில் இருந்தது.
எல்லா வளைவுகளும்
வந்த வழியே திரும்பிப்போவதுபோல்
வலமிருந்து இடமாக ஓடின.

கையை மாற்றியிருக்கிறார்.

உதறலைத் திருத்தும் வசதியும் உண்டு.
பொத்தான்மேல் அம்புக்குறியை வைத்துவிட்டு
ஜன்னலுக்கு வெளியே
தெருவைக் கழுவும் வண்டியைப் பார்த்தேன்.
பிறகு அழுத்தாமலே நிரப்பத் தொடங்கினேன்.
தொலைக்காட்சியில் அது அரை நொடி.
யாரும் பார்க்கப்போவதில்லை.

கடைசிப் படத்துக்கு மட்டும்
சுட்டியை இடக்கைக்கு மாற்றி
வாளியைத் தூக்கிப் பார்த்தேன்.
கண்ணுக்கு வைத்திருந்த வெள்ளை
கன்னத்தில் போய் விழுந்தது.